சிந்தாமணியை மீட்ட செம்மல்

எழுதத் தொடங்குவோர் பலர். எழுதி நிலைப்போர் சிலர். தொடங்கியவர் பாதியில் நின்றுவிடுவதற்கு அறிவுக் குறைவோ மொழிப் பயிற்சிக் குறைவோ எப்போதும் காரணமாவதில்லை. தம் எழுத்தின்மீது தமக்கே நம்பிக்கை இல்லாமைதான் பெரும்பாலும் காரணமாகிறது. நால்வர் குறை கூறினால் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறோம். நால்வர் புகழ்ந்தாலோ இனிக் கற்க வேண்டுவது ஒன்றுமில்லை என்று அமைந்துவிடுகிறோம். இவ்விரு குழிகளிலும் விழாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பணியில் ஊன்றி நின்ற பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இங்கே எண்ணிப் பார்ப்போம். தமிழ்த் தாத்தா என்று நாடு அன்போடு அழைக்கும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் அவர்களே அப்பெரியார்.

ஐயர் அவர்கள் சமணர் அல்லர். அந்தணர் குடியில் பிறந்து, சைவ ஆதீனம் ஒன்றின் நிழலில் தமிழ் பயின்றவர். ஆயினும் தமிழ்ச் சமணர் இல்லங்களை விட்டுவிட்டு அவர் வரலாற்றை எழுத இயலாது. அவரை விட்டுவிட்டு நம் சீவக சிந்தாமணியின் வரலாற்றையும் எழுத இயலாது. ஆதலின் இவ்வரலாறு நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கல்லும் ஓலையும்

உத்திரமேரூரில் வாழ்வோர்க்கு எழுத்தின் ஆயுளைப் பற்றித் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்லுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வெழுத்து அழியவில்லை. காரணம், அது கல்லில் வெட்டப்பட்டது.

ஓலையில் எழுதியவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. எவ்வளவு பேணினாலும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், ஓரம் முறிந்து எழுத்து உதிரும். தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். உணவு, மருந்து, அடைக்கலம் என்பவற்றோடு சாத்திர தானத்தையும் சேர்த்து நால்வகைத் தானமாக வைத்தனர். நூலைப் படியெடுத்துத் தகுதியுடையார்க்கு அளிப்பது அறம் என்று கருதிய சமுதாயத்தில் நூல்கள் எளிதில் மடிவதில்லை.

ஆயினும் தமிழ்நாடு முழுவதையும் நோக்கும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறாக இருந்தது. அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம் ஆகியவற்றைக் கற்றவர் பெரும் புலவராகப் போற்றப்பெற்றனர். சங்க நூல்களையும் பழைய காப்பியங்களையும் பாடம் சொல்வாரும் அரியர், கேட்பாரும் அரியர். படியெடுப்பார் இல்லாமல் அவ்வேடுகள் பரண்களிலும் பெட்டிகளிலும் இற்றுக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு தலைமுறை கழிந்திருந்தால் என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

இளமைக் கல்வி

தஞ்சை மாவட்டம் பாபநாசத்திற்கு அருகில் உள்ள உத்தமதானபுரம் ஐயரின் சொந்த ஊர். 1855 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மையார். தந்தையார் இசைவாணர். ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து கிடைப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். நிலையான வருவாய் இல்லை. மகன் இசையிலும் வடமொழியிலும் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் உள்ளமோ தமிழில் தோய்ந்திருந்தது.

மகனின் வேட்கையை உணர்ந்த தந்தையார் தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்தார். எவ்வூரில் தமிழ் சொல்லிக் கொடுப்பார் உளரோ அவ்வூருக்கே குடும்பத்தை மாற்றிக்கொண்டு சென்றார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என இளைஞர் பலரிடம் பாடம் கேட்டார். செங்கணத்தில் அவர் பயின்ற யாப்பருங்கலக்காரிகை, அமிதசாகரர் என்னும் சமண முனிவர் இயற்றியது. தாம் ஒரு நாள் சமணப் பெருங்காப்பியத்தைப் பதிப்பிக்கப் போகிறோம் என்பது அன்று அவ்விளைஞர்க்குத் தெரியாது.

1871 ஆம் ஆண்டில், பதினாறு வயது நிரம்பிய நிலையில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரே ஆசிரியருக்குப் பிடித்திருந்ததால் அதுவே நிலைத்தது. ஆசிரியருடன் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கி இரவு பகல் பாராமல் கற்றார். 1876 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்தார். அதன் பின்னரும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இளைஞரை அருகிலேயே வைத்துப் பேணினார்.

1880 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. அப்பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரே தமக்குப்பின் இவர் வர வேண்டும் என்று பரிந்துரைத்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். இருபத்தைந்தாம் வயதில் நல்ல பதவி; பெரும் புலவரின் மாணவர் என்னும் மதிப்பு; மாணவர்களின் அன்பு. வேறொருவராயின் இவ்வளவில் மனநிறைவு கொண்டு அமைந்திருப்பர்.

வாழ்க்கையை மாற்றிய வினா

அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் ஆங்கிலக் கல்வியும் தமிழ்ப் பற்றும் ஒருங்கே அமைந்தவர். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று அவர் வினவ, இளம் ஆசிரியர் தாம் பயின்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிக்கொண்டே சென்றார். முதலியார் முகத்தில் வியப்பின் சாயலே தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்ததில்லை என்பதே விடையாக இருந்தது.

இத்தகைய தருணம் எழுதுவார் எல்லார்க்கும் ஒரு நாள் வருவதுண்டு. பல்லாண்டு கற்ற கல்வி போதாது என்று ஒருவர் நேரே சுட்டிக்காட்டும் தருணம் அது. அப்போது சினம் கொள்ளலாம், சுட்டியவரைப் பழிக்கலாம், மனம் ஒடிந்து ஒதுங்கவும் செய்யலாம். ஐயர் இவற்றுள் எதனையும் செய்யவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். கற்றது சிறிது என்று உணர்ந்தபோதும், கற்க முடியும் என்னும் உறுதி அவரை விட்டு நீங்கவில்லை. தன்னம்பிக்கை என்பது இதுதான். எல்லாம் தெரியும் என்று நினைப்பது வேறு. தெரியாததைத் தெரிந்துகொள்ள என்னால் இயலும் என்று நம்புவது வேறு. முன்னது செருக்கு, பின்னதே எழுத்தாளனைத் தாங்கும் தூண்.

சமண இல்லத்தில் மாணவர்

திருத்தக்க தேவர் இயற்றிய சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களும் 3145 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். நச்சினார்க்கினியரின் உரையைத் துணையாகக் கொண்டு படித்தும் பல இடங்கள் விளங்கவில்லை. கடவுள் வாழ்த்திலேயே சித்தர், அருகர், சாதுக்கள், அறம் என்னும் நால்வகைச் சரணங்கள் வருகின்றன. முத்தி இலம்பகத்தில் சமவசரணம் வருகிறது. சைவ நூல்களில் ஊறிய ஒருவர்க்கு இவையெல்லாம் புதியன. அகராதியைப் புரட்டி அறியக்கூடியனவும் அல்ல.

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்த ஐயர், நண்பர் ஒருவர் வழியாகச் சந்திரநாத செட்டியார் என்னும் பெரியவரின் இல்லத்திற்குச் சென்றார். வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேடம் என்று விசாரித்தார். அவ்வில்லத்தில் ஆறு திங்களாகச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்தார்கள் என்றும், அன்று நூல் நிறைவெய்தியதால் விழாக் கொண்டாடுகிறார்கள் என்றும் தெரிந்தது. கல்லூரித் தமிழாசிரியர் பெயர்கூட நன்கு அறியாதிருந்த நூல், ஒரு வணிகரின் வீட்டில் முற்றோதப்பெற்று, தோரணம் கட்டிப் போற்றப்பெறுகிறது. ஐயர் வியப்பில் ஆழ்ந்தார். பாடம் சொல்லிவந்தவர் வீடூர் அப்பாசாமி நயினார். திண்டிவனத்தை அடுத்த வீடூர் நம் சமுதாயத்தார்க்கு அறிமுகம் வேண்டாத ஊர்.

அன்று முதல் ஐயர் மாணவரானார். கல்லூரியில் பிறர்க்குப் பாடம் சொல்லிவிட்டு, சமணர் இல்லத்துக்கு வந்து பாடம் கேட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூசவில்லை. சமண மரபுச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டுக் குறித்துக்கொண்டார். சீவகன் கதை சத்திர சூடாமணி, கத்திய சிந்தாமணி என்னும் வடநூல்களிலும் ஸ்ரீபுராணத்திலும் வருவதை அறிந்தார். நாளடைவில் சமணக் கோட்பாடுகளை அவர் சரளமாக எடுத்துரைக்கக் கேட்ட நம்மவர், அவரைப் பவ்விய சீவன் என்றே கருதி மகிழ்ந்தனர். வீடு பேற்றுக்குத் தகுதியுடைய உயிரைக் குறிக்கும் அச்சொல்லைத் தமக்குக் கிடைத்த பெரும் பாராட்டாக ஐயர் ஏற்றுக்கொண்டார்.

இந்நூலுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சிற்றாமூர் மடத்திற்குச் சென்று தங்கி, சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து மீண்டும் உரை எழுதினார் என்றும் கூறுவர். நூலாசிரியராகிய தேவரைப் பற்றியும் ஒரு வரலாறு வழங்குகிறது. துறவறம் பாட வல்ல சமணர்க்கு இன்பச் சுவை பாட வாராது என்று புலவர் சிலர் கூற, தேவர் காப்பியம் பாடத் துணிந்தாராம். அவர்தம் குருநாதர் முதலில் ஒரு நரியைச் சுட்டி அதனைப் பொருளாக வைத்துப் பாடச் சொல்ல, நரிவிருத்தம் பிறந்ததாம். அதனைக் கண்ட பின்னரே பெருங்காப்பியத்திற்கு அனுமதி கிடைத்ததாம். பாடியவர், உரை எழுதியவர், பதிப்பித்தவர் ஆகிய மூவரும் பிறர் ஐயத்தைத் தம் உழைப்பினாலேயே வென்றனர் என்று இம்மரபு நமக்குச் சொல்லுகிறது.

ஏழாண்டு உழைப்பு

சிந்தாமணி முழுவதும் அதுவரை அச்சேறவில்லை. 1868 ஆம் ஆண்டில் பவர் பாதிரியார் முதற் பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். நூல் முழுவதையும் உரையுடன் பதிப்பிப்பது என்று ஐயர் உறுதி பூண்டார்.

ஏட்டைப் பார்த்து அப்படியே அச்சிட்டுவிடலாமே என்று இளைஞர்கள் எண்ணக்கூடும். ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். எது மூலம், எது உரை, எது உரையாசிரியர் காட்டிய மேற்கோள் என்று பிரித்து அறிவதே பெரும்பாடு. ஒரு பிரதியில் இல்லாத வரி மற்றொன்றில் இருக்கும். இரண்டிலும் உள்ள வரி வேறுபட்டிருக்கும். ஆகவே பல பிரதிகளைத் தேடி ஒப்பிட வேண்டியிருந்தது. ஆதீனத்திலிருந்தும் தனியார் இல்லங்களிலிருந்தும் ஏடுகள் வந்தன. தஞ்சையில் வாழ்ந்த விருஷபதாச முதலியார் முதலிய சமணப் பெருமக்களும் ஏடுகளை அளித்து உதவினர். சாத்திர தானம் என்னும் அறம் அன்று தக்க கைக்குச் சென்று சேர்ந்தது.

நச்சினார்க்கினியர் தம் உரையில் பல பழம்பாடல் வரிகளை எடுத்துக் காட்டுகிறார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அவ்வரிகளின் இருப்பிடத்தைத் தேடிச் சென்றபோதுதான் ஐயர்க்குச் சங்க இலக்கியம் என்னும் பெருநிலம் கண்ணிற் பட்டது. ஒரு சமணக் காப்பியத்தின் உரையே பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் அவரை அழைத்துச் சென்றது என்பது நாம் பெருமையோடு நினைவில் வைக்கத் தக்கது.

தடைகளும் வந்தன. சமண நூலுக்காகச் சைவ மடத்தில் வளர்ந்தவர் இவ்வளவு பாடுபடலாமா என்று முணுமுணுத்தவர் இருந்தனர். சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டதைக் கண்டே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் வரலாறு சைவ உலகில் வழங்குவதால் அந்த மனக்கசப்புக்கு வலு இருந்தது. ஆனால் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவ்வாறு எண்ணவில்லை. பிற இடங்களிலிருந்தும் ஏடுகளை வருவித்துக் கொடுத்தார். தமிழுக்குச் செய்யும் தொண்டில் சமய வேலி கூடாது என்று கருதிய அப்பெரியாரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

மற்றொரு சோதனை, மதிப்பிற்குரிய ஒருவரிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளை பழந்தமிழ்ப் பதிப்புத் துறையில் மூத்தவர். 1881 இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தவர். 1887 இல் கலித்தொகையை வெளியிட்டவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க அவர் விரும்பினார். பதவியிலும் வயதிலும் அனுபவத்திலும் உயர்ந்த ஒருவர் கேட்கும்போது மறுப்பது எளிதன்று. ஐயர் அவர்பால் மதிப்புக் குறையாமலே தம் உறுதியில் நின்றார். அந்நூலோடு தாம் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அந்தப் பாடே அவருக்கு நம்பிக்கையைத் தந்தது.

பணமோ கையில் இல்லை. ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் பெருநூலை அச்சிடுவது எங்ஙனம்? நூல் வருமுன்பே பலரிடம் கையொப்பம் பெற்று உதவி தேடினார். விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று, அச்சுத் தாள்களைத் திருத்தினார். 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழு நூலாக வெளிவந்தது. முதலியாரின் வினாவுக்கும் நூலின் வருகைக்கும் இடையே ஏழு ஆண்டுகள் சென்றிருந்தன.

கண்டனமும் மௌனமும்

நூல் வந்தது; பாராட்டும் வந்தது; கூடவே கண்டனமும் வந்தது. பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று துண்டுப் பிரசுரங்கள் கிளம்பின. ஏழாண்டு உறக்கமின்றி உழைத்தவர்க்கு அது எத்துணை வேதனை தந்திருக்கும்! ஐயர் மறுப்பு எழுத முனைந்தார். கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர் அவரைத் தடுத்தார். ஒரு மறுப்பு எழுதினால் அதற்கு ஒரு மறுப்பு வரும், அந்த வழக்குக்கு முடிவே இராது, அக்காலத்தில் வேறொரு நூலைப் பதிப்பிக்கலாமே என்பது அவர் அறிவுரையின் சாரம். ஐயர் அதனை ஏற்றார். பின்னாளிலும் இத்தகைய கண்டனங்களுக்கு அவர் விடை எழுதிக்கொண்டிருக்கவில்லை.

ஆயினும் கண்டனத்தை ஒதுக்கியவர் திருத்தத்தை ஒதுக்கவில்லை. புதிய பிரதிகள் கிடைக்கக் கிடைக்க ஒப்பிட்டுத் திருத்தினார். 1907 இலும் 1922 இலும் வந்த சிந்தாமணிப் பதிப்புகள் முன்னதினும் செம்மை பெற்றவை. வசைக்குச் செவி கொடாமை, குறைக்குக் கண் மூடாமை என்னும் இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. எழுதுவார்க்கு இவ்விரண்டும் வேண்டும்.

தொடர்ந்த பயணம்

அதன்பின் நூல்கள் வரிசையாக வந்தன. 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை, 1903 இல் ஐங்குறுநூறு, 1904 இல் பதிற்றுப்பத்து, 1918 இல் பரிபாடல், 1937 இல் குறுந்தொகை. சமண ஆசிரியர்களின் நூல்களும் அவர் கையால் தொடர்ந்து வெளிச்சம் பெற்றன. பவணந்தி முனிவரின் நன்னூல், மயிலைநாதர் உரையுடன் 1918 இலும், கொங்குவேளிரின் பெருங்கதை 1924 இலும் வெளிவந்தன. மணிமேகலையைத் தொட்டபோது மீண்டும் அறியாமை குறுக்கிட்டது. அப்போது பௌத்த சமயத்தைப் பற்றி மளூர் ரங்காசாரியார் என்னும் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுக் கற்றார். சிந்தாமணியில் பயின்ற பாடம் அங்கும் கைகொடுத்தது.

ஒவ்வொரு நூலுக்குப் பின்னும் நெடும் பயணங்கள் உண்டு. எல்லாப் பயணமும் கைகூடியதில்லை. தென்பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் மிகுதியாக உள்ளன என்று கேட்டு ஆவலோடு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட வேண்டும் என்னும் நம்பிக்கையால் அவற்றை எரித்துவிட்டார்கள் என்று அறிந்து நெஞ்சம் துடித்தார். அழிந்தனவற்றை மீட்க ஒருவராலும் இயலாது. அத்துயரோடு அவர் அடுத்த ஊருக்குச் சென்றார். ஊக்கம் என்பது துயரமே அறியாத நிலையன்று. துயரத்தைச் சுமந்துகொண்டு நடப்பதே ஊக்கம்.

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919 இல் ஓய்வு பெற்றார். 1906 இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. திருவல்லிக்கேணியில் அமைந்த தம் இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தம்மைக் கல்லூரியில் அமர்த்திய தியாகராச செட்டியாரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

எண்பத்தைந்தாம் வயதில் எழுதுகோல்

ஓய்வு என்னும் சொல்லை அவர் வேறு வகையில் பொருள் கொண்டார் போலும். 1940 ஆம் ஆண்டு தொடக்கத்தில், எண்பத்தைந்து வயதை எட்டிய நிலையில், ஆனந்த விகடன் இதழில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். கி. வா. ஜகந்நாதன் முதலிய மாணவர்கள் உடனிருந்து உதவினர். பழைய நூல்களைப் பதிப்பித்த புலவர், வீட்டுப் பெண்டிரும் பள்ளிப் பிள்ளைகளும் படித்து மகிழும் எளிய உரைநடையில் எழுதினார். வாராவாரம் எழுதுவது இளைஞர்க்கே கடினம். அம்முதியவர் இரண்டு ஆண்டுகளுக்குமேல் அதனைச் செய்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் தாம் பெற்ற உதவியை அந்நூலில் மனம் நெகிழ்ந்து பதிவு செய்திருக்கிறார். கற்றுக் கொடுத்தவர்களின் பெயரை மறைக்காமல் சொல்வதும் எழுத்தாளனுக்குரிய அறமே.

1942 இல் உலகப் போரின் குண்டு வீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்தபோது, ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்று தங்கினார். அங்கேயே ஏப்ரல் 28 ஆம் நாள் காலமானார். தன்வரலாறு 1899 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றது. முற்றுப்பெறாத அந்நூல் 1950 இல் புத்தகமாக வெளிவந்தது. நம் உத்திரமேரூர்ப் பகுதியினர் திருக்கழுக்குன்றத்துக்குச் செல்லும்போது, அவ்வூரில் எழுதுகோலை ஓய்ந்து வைத்த அப்பெரியாரையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். அவர் பெயரால் 1943 இல் தோன்றிய நூல்நிலையம், அவர் திரட்டிய சுவடிகளைச் சென்னையில் பாதுகாத்து வருகிறது.

நமக்குரிய கடமை

ஐயரின் ஊக்கத்தைப் புகழும்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. அவர் நம்பிக்கை தனித்து வளர்ந்ததன்று. தந்தை ஒருவர் தம் ஆசையை விட்டுக்கொடுத்தார். முன்சீப் ஒருவர் கடினமான வினாவைக் கேட்டார். மடத் தலைவர் ஒருவர் வேலியைத் திறந்தார். நண்பர் ஒருவர் பயனற்ற போரிலிருந்து காத்தார். இவர்களோடு, ஆறு திங்கள் அமர்ந்து ஒரு நூலைக் கேட்டு நிறைவு செய்த சமணக் குடும்பமும் இருந்தது. அக்குடும்பத்தார் நூல் எழுதவில்லை, பதிப்பிக்கவும் இல்லை. கேட்டார்கள், அவ்வளவே. ஆனால் கேட்பவர் இருந்ததால்தான் நூல் உயிரோடு இருந்தது. பொருள் அறிந்தவர் இருந்ததால்தான் பதிப்பாசிரியர்க்கு வழி பிறந்தது.

நம் இல்லங்களில் எழுத விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கட்டுரையோ கவிதையோ எழுதிக்கொண்டு வந்து தயங்கி நிற்பார்கள். அவர்களை அளவுகடந்து புகழவும் வேண்டா. எள்ளி நகையாடவும் வேண்டா. முழுவதையும் பொறுமையாகக் கேளுங்கள். விளங்காத இடத்தைச் சுட்டுங்கள். மறுமுறை திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். திருத்தி எழுதும் பழக்கம் வந்த பிள்ளைக்கு நம்பிக்கை தானே வரும்.

பரண்மேலும் பழைய பெட்டிகளிலும் முன்னோர் விட்டுச்சென்ற ஏட்டுக் கட்டுகள் இன்னும் சிலரிடம் இருக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றை எறிந்துவிடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ. வே. சா. நூல்நிலையமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் உள்ளன. அறிந்தவரிடம் காட்டுங்கள். சுருத பஞ்சமி நாளில் நூல்களை வணங்கும் மரபினர் நாம். வணங்குவதோடு அமையாமல், அன்று இல்லத்தில் உள்ளோர் கூடி ஒரு நூலின் ஒரு பகுதியையேனும் வாய்விட்டுப் படித்துப் பொருள் கேட்டால், கும்பகோணத்து வீட்டு வாயிலில் அன்று கட்டிய தோரணம் நம் வாயிலுக்கும் வரும்.